பெரட்டில் தூக்கிய கை

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, மேடையில் இருக்கும் ஒரே மேசை விசிறியையும் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் பங்குதாரர் குழுத் தலைவர், பெரியவர் நல்லசாமி அவர்களே! லிங்கி ஆற்றைக் கடந்து பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் சான்றோர்களே! கோலா பிலாவிலிருந்து லாரி பிடித்து, தூசியும் தும்மலுமாய் வந்து சேர்ந்த உறவுகளே! கோழி கூவுமுன் எழுந்து, கொசுக்கடியிலும் குளிரிலும் ரப்பர் மரத்துக்கு மரம் நடந்து, மலேசியாவின் பாதி மாளிகைகளுக்குத் தங்கள் முதுகெலும்பால் முட்டுக்கொடுத்த தாய்மார்களே! முன்வரிசையில் நாற்காலி காலியாக இருந்தும் பின்னால் நின்றே பழகிவிட்ட தோழர்களே! நாளைய பத்திரிகையில் என் பெயரைப் பிழையாக அச்சிடப்போகும் நிருபர் தம்பியே! உங்கள் அனைவருக்கும், இதே புக்கிட் ரூசா தோட்டத்து நான்காம் லயத்தில், ஒன்பதாம் நம்பர் வீட்டில் பிறந்த பால்வெட்டி அந்தோணிதாஸின் மகன் ராயப்பனின் வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் எல்லோரும் வலது கையைத் தூக்குங்கள். தூக்குங்கள், தூக்குங்கள். தூண் ஓரத்தில் இருப்பவர்களும்தான். நல்லது. தலைவர் அவர்களும் தூக்கிவிட்டார். மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா மட்டும் தூக்கவில்லை. பரவாயில்லை, கை வலியாக இருக்கலாம். மிக்க நன்றி. இறக்கிக்கொள்ளுங்கள்.

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, 'நம்ம தோட்டம் பெற்ற தங்கம்' என்றார். தங்கம்! கைதட்டினீர்கள். நானும் கேட்டேன். ஆனால் பெரியோர்களே, பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு, 1974இல், இதே மண்டபத்தில், இதே பெரியவர் என்னை என்னவென்று அழைத்தார் தெரியுமா? அப்போது அவர் வேலையாட்களை ஏவும் மண்டோர். நான் லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பியிருந்தேன். மேளம் கொட்டினார்கள். ஆளுயர மாலை போட்டார்கள். போட்ட கையோடு மண்டோர் கேட்டார்:

"தம்பி, என்னா மாதிரி கேஸ் எடுக்கப் போறீங்க? கொலை கேஸா?"

"இல்லைங்க. கம்பெனித் தகராறு, திவால் வழக்கு. அதுலதான் படிச்சிருக்கேன்."

"திவாலா? போண்டியாப் போனவன் கேஸா?" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அவனே போண்டி, ஒங்களுக்கு எங்கேர்ந்து பீஸு குடுப்பான்? அட, தெரிஞ்சிருந்தா சின்ன மாலையா வாங்கிருக்கலாம்லா!"

சிரித்தீர்கள். இன்று இங்கே நரைத்த தலையோடு உட்கார்ந்திருக்கும் பலர் அன்று சிரித்தீர்கள். இப்போதும் சிரிக்கிறீர்கள். அன்று முதல் இந்தத் தோட்டத்தில் எனக்குப் பெயர் போண்டி லாயர். என் தந்தை சீனன் கடைக்குப் போனால், 'போண்டி லாயரோட அப்பா வர்றாரு, கடன் கேட்டா குடுக்காதீங்க' என்று ஒரு கேலி. அந்தப் பெயரைக் காதில் சுமந்தபடிதான் அவர் கல்லறைக்குப் போனார்.

என்ன சொல்கிறீர்கள் தலைவரே? அதெல்லாம் மறந்துவிட்டதா? நான் மறக்கவில்லை. மன்னித்தேனா என்று கேட்டால், அந்த வழக்குக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.

தோட்டத்தில் மட்டுமா? சிரம்பானில் ஒரு மூத்த வழக்கறிஞர். பெயர் வேண்டாம், அவருக்கு இலவச விளம்பரம் தர நான் இங்கே வரவில்லை. வேலை கேட்டுப் போனேன். என் சான்றிதழைப் பார்த்தார், என் சட்டைக் காலரைப் பார்த்தார். "எஸ்டேட் பையனா? கம்பெனிச் சட்டமெல்லாம் பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. நீ மோட்டார் விபத்து கேஸ் பாரு, உன் ஆளுங்க அடிக்கடி அடிபடுவாங்க" என்றார். என் ஆளுங்க! நானும் என் ஆட்களும் அடிபடத்தான் பிறந்தோமா? அடித்தவனிடம் கணக்குக் கேட்கப் பிறக்கவில்லையா?

பெரியோர்களே! திவால் வழக்கறிஞன் என்றால் யார்? பிணத்தைப் பார்க்கும் வைத்தியன் போன்றவன். ஒரு கம்பெனி செத்துவிட்டது என்று தந்தி வருகிறது. உறவினர்கள் உடனே எரித்துவிடத் துடிக்கிறார்கள். நான் மட்டும் கையை நீட்டித் தடுத்துக் கேட்கிறேன்: இது தானாகச் செத்ததா, யாராவது கழுத்தை நெரித்தார்களா? சில நேரங்களில் பிணத்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தால் துடிக்கும்! உயிரோடு இருப்பதற்கே பாடை கட்டியிருப்பார்கள். ஏன் கட்டினார்கள்? பாடைக்கு அடியில் நிலம் இருக்கிறது. நிலத்துக்கு விலை இருக்கிறது. இதைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். இதில் எனக்கு வெட்கம் இருந்ததா? ஒரு நாள், ஒரு நொடி, ஒரு மூச்சுகூட இருந்ததில்லை.

நமது தோட்டத்தின் கதைக்கு வருகிறேன். 1968இல் வெள்ளைக்கார முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டுப் போகும்போது, நாடு முழுக்கத் தோட்டங்கள் துண்டு துண்டாகச் சிதறிக்கொண்டிருந்தன. இங்கே நம்மவர்கள் என்ன செய்தார்கள்? காதில் கிடந்ததைக் கழற்றினார்கள். கழுத்தில் கிடந்ததைக் கழற்றினார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு என்று எடுத்தார்கள். போதாத பணத்தைச் சிரம்பான் வியாபாரி விசுவநாதன் போட்டார். கம்பெனி பிறந்தது. அவர் நிர்வாக இயக்குநர் ஆனார். நாம் பங்குதாரர் ஆனோம். பங்குப் பத்திரத்தை என்ன செய்தோம்? கண்ணாடி போட்டு, முருகன் படத்துக்கும் மாதா படத்துக்கும் பக்கத்தில் மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி காட்டினோம்! ஐயா, பங்குப் பத்திரம் கும்பிடுவதற்கா? கேள்வி கேட்பதற்கு! இருபத்தோரு ஆண்டுகள் நாம் கும்பிட்டோம். கேள்வி கேட்கவில்லை. முதலாளியாக ஆன பிறகும், விடிகாலையில் திடலில் வரிசையாக நின்று, கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடக் கூப்பிடக் கை தூக்கும் பெரட்டுக்கு மட்டும் தவறாமல் போனோம். தன் தோட்டத்திலேயே தான் வேலைக்கு வந்துவிட்டதாகக் கை தூக்கிக் காட்டிய முதலாளிகள் உலகத்தில் நாம் மட்டும்தான்!

1989 ஏப்ரல். என் அலுவலகத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். முன்னால் நமது தலைவர். உள்ளே எனக்கு வேலை எதுவும் இல்லை. நாளிதழில் குறுக்கெழுத்துப் போட்டி போட்டுக்கொண்டிருந்தேன். இருந்தும் நாற்பது நிமிடம் பெஞ்சியில் உட்கார வைத்தேன். ஆமாம், வேண்டுமென்றேதான். ஆளுயர மாலைக்கு நாற்பது நிமிடம் அதிகமா?

உள்ளே வந்தவுடன் மண்டோர் ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தார். கம்பெனி முத்திரை போட்ட கடிதம். அந்த முத்திரையைப் பார்த்ததும் என் குறுக்கெழுத்தை மூடி வைத்துவிட்டேன்.

"தம்பி... லாயர் சார். வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டாங்க. மூணு மாசம் டைம். தோட்டத்த வித்தாச்சாம். கோல்ஃப் திடல் வரப்போகுதாம்."

"விற்பதற்கு நீங்கள்தான் ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள் என்று இதில் எழுதியிருக்கிறதே? மார்ச் பதினெட்டாம் தேதி பொதுக்கூட்டம். நூற்றுப் பதினெட்டுப் பேர் ஆதரவு. எதிர்ப்பு ஒருவருமில்லை."

"எந்தக் கூட்டம்? எங்களுக்கு எந்தக் கூட்டமும் தெரியாதுங்க சார்."

"பதினெட்டாம் தேதி என்ன நடந்தது? நன்றாக நினைத்துப் பாருங்கள்."

"அன்னைக்கா? பெரட்டு நடந்துச்சு. மொதலாளியே வந்து நின்னாரு. இங்கிலீஸ்ல என்னமோ ஒரு தாளப் படிச்சாரு. பெறகு கிராணி பேரு கூப்டாரு, கைய தூக்குனோம். முடிஞ்சு எல்லாருக்கும் ரொட்டியும் தேத்தண்ணியும் குடுத்தாங்க. மொதலாளிக்குப் பேரன் பொறந்துருக்கு போலன்னு பேசிக்கிட்டோம்."

பேரன் பிறக்கவில்லை, பெரியோர்களே. நம் தோட்டம் போய்விட்டது. ரொட்டியைத் தின்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டோம்!

சிரிக்காதீர்கள். இது சிரிக்கும் இடமல்ல.

கூட்டக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். சட்டப்படி எந்தக் குறையும் இல்லை. அறிவிப்பு ஒட்டியிருந்தது, ஆங்கிலத்தில், பால் நிறுக்கும் கொட்டகைச் சுவரில். தீர்மானம் வாசிக்கப்பட்டது, ஆங்கிலத்தில். கைகள் உயர்ந்தன. உயர்ந்த கைகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. விசுவநாதன் அமர்த்திய கோலாலம்பூரின் பெரிய வக்கீல்கள் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு, ராயப்பனுக்கு இங்கே வேலையே இல்லை என்று சிரித்தார்களாம்.

ஆனால் நான் அந்தப் பட்டியலைப் படித்தேன். வாய்விட்டுப் படித்தேன். நல்லசாமி, தங்கராஜு, முருகையா, ராமகிருஷ்ணன்... பத்தாவது பெயரில் என் நாக்கு தானாகத் தாளம் போட ஆரம்பித்தது. இது எனக்குத் தெரிந்த பாட்டாயிற்றே! என் தாய் என்னை ஆயா கொட்டகையில் இறக்கிவிட்டுத் திடலுக்கு ஓடுவாள். அந்த இருட்டில், தொட்டிலில் கிடந்தபடி, பிறகு பள்ளிக்கூட லாரிக்குக் காத்து நின்றபடி, பன்னிரண்டு ஆண்டுகள் நான் கேட்ட பாட்டு! முதலில் மண்டோர். பிறகு அவரது பால்வெட்டுக் கும்பல். அடுத்து இரண்டாம் கும்பல். பிறகு புல்வெட்டுப் பெண்கள். பிறகு ஸ்டோர் ஆட்கள். எல்லோருக்கும் கடைசியில் ஆயா. பெயர்கள் மாறின, ராகம் மாறவில்லை. அந்த ராகத்தில் என் தந்தையின் பெயர் பதினான்காவது. அந்த இடத்தில் இப்போது வேறொரு பெயர் இருந்தது. அந்தப் பெயரின்மேல் விரலை வைத்து, என் தந்தையின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

பெரிய குடும்பத்துப் பிள்ளை எவனாவது இதைக் கண்டுபிடித்திருப்பானா? பங்குதாரர்களின் பெயர் பங்குப் பதிவேட்டின் வரிசையில் வரவேண்டும். இந்தப் பட்டியலோ கிராணியின் செக்ரோல், அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவு வரிசையில் வருகிறது! கடைசிப் பெயருக்கு வந்தேன். மரியகொரெட்டி. யார் இவர்? குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா. 1970இல்தான் இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். பங்கு விற்று முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவர். அவருக்கு இந்தக் கம்பெனியில் அரைப் பங்குகூட இல்லை. பங்கே இல்லாத ஆயா, கம்பெனியின் தோட்டத்தை விற்கச் சொல்லி ஓட்டுப் போட்டிருக்கிறார்!

வழக்கு சிரம்பான் உயர்நீதிமன்றத்தில் நடந்தது. கிராணி சன்னாசி கூண்டில் ஏறினார். கிராணி, வெளியே போக வேண்டாம், உட்காருங்கள். உங்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. சம்பளம் கொடுப்பவன் சொன்னதைச் செய்தீர்கள். நம்மில் யார்தான் செய்யவில்லை?

"கிராணி, அன்றைக்கு எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டீர்கள்?"

"பங்குதாரர் பதிவேட்டப் பாத்துதாங்க."

பதிவேட்டை அவர் கையில் கொடுத்தேன். "இதில் முதல் பெயர் யார்?"

"ஆவுடையம்மை."

"கூட்டக் குறிப்பில் முதல் பெயர்?"

"நல்லசாமி."

"கடைசிப் பெயர்?"

"மரியகொரெட்டி."

"அவருக்கு எத்தனை பங்கு? பதிவேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். அவசரமில்லை."

பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.  கோலாலம்பூர் வக்கீல்கள் தங்கள் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்கள். அந்த ஓசையைக் கேட்க நான் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தேன்!

அடுத்த நாள் மரியகொரெட்டி அம்மாவே சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் மிகவும் இனிமையாகக் கேட்டார்: "அம்மா, நீங்கள் கை தூக்கினீர்களா?"

"தூக்குனேன்."

"யாராவது மிரட்டினார்களா? பிடித்துத் தூக்கினார்களா?"

"அதெல்லாம் இல்லீங்க."

அவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. வெற்றி பெற்றவன் செய்யும் தவறைச் செய்தார். இன்னொரு கேள்வி கேட்டார். "பிறகு ஏனம்மா தூக்கினீர்கள்?"

"பேரு கூப்டா தூக்கணுங்க. தூக்கலன்னா அன்னைக்கு வேலைக்கு வரலன்னு போட்டுருவாங்க, சம்பளம் போயிரும். பத்தொம்போது வருசமா தூக்குறேன். எம் புருசன அடக்கம் பண்ண மறுநாளும் தூக்குனேன்."

"எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லையா?"

"கேட்டா பதில் சொல்ற வழக்கம் இல்லீங்களே, சார்."

மொழிபெயர்ப்பாளர் அதை நீதிபதிக்குச் சொல்லி முடித்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். தாய்மார்களே! லண்டனில் ஐந்து ஆண்டுகள் படித்தேன். இங்கே பதினைந்து ஆண்டுகள் வாதாடினேன். அந்த ஒரு வரிக்கு ஈடான வாதத்தை நான் எழுதியதும் இல்லை, படித்ததும் இல்லை.

விசுவநாதன் தரப்பு கடைசியாக ஒன்று சொன்னது. கம்பெனி நோயாளி, விற்காவிட்டால் திவாலாகிவிடும் என்றது. அப்போதுதான் இந்தப் போண்டி லாயர் எழுந்தான்! போண்டி என்றால் என்னவென்று இந்த மாநிலத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? நாடியைப் பிடித்துக் காட்டினேன். மரம் உயிரோடு இருக்கிறது, பால் உயிரோடு இருக்கிறது, நோயாளி எழுந்து நடக்கிறான். அவனுடைய சட்டைப் பையில்தான் யாரோ கை விட்டிருக்கிறார்கள் என்று காட்டினேன். தீர்ப்பு வந்தது. பெரட்டு, பொதுக்கூட்டம் ஆகாது. தூக்கிய கை, ஓட்டு ஆகாது. விற்பனை செல்லாது. புதிதாகக் கூட்டம் நடத்து, தமிழில் அறிவிப்புக் கொடு, தீர்மானத்தைத் தமிழில் வாசி, தமிழில் விளக்கு, அதன் பிறகே கை!

கைதட்டல் போதும். போதும், தோழர்களே.

அந்தக் கூட்டம்தான் நாளைக் காலை பத்து மணிக்கு. அதற்காகத்தான் இன்று என்னை அழைத்திருக்கிறீர்கள். விசுவநாதன் வருவார். இந்த முறை ரொட்டி இல்லை. பிரியாணி என்று கேள்விப்பட்டேன். ஆமாம், ஆட்டிறைச்சிதான் தம்பி, உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே! சாப்பிடுங்கள். நம் கம்பெனிப் பணம்தான்.

விற்க வேண்டாம் என்று ஓட்டுப் போடுங்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்க்கிறீர்கள். சொல்ல மாட்டேன். நான் மேய்ப்பன் அல்ல, நீங்கள் மந்தை அல்ல. நீலாய்ப் பக்கம் தொழிற்சாலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விற்றுப் பங்கை வாங்கிக்கொண்டு வீடு கட்டலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி நினைப்பவன் துரோகி அல்ல. நூற்று இருபது குடும்பங்களின் கூரை இது. விற்பதா வைத்துக்கொள்வதா என்பது உங்கள் உரிமை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லுமுன் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டும்.

நான் பேச வந்தவுடன் என்ன செய்யச் சொன்னேன்? வலது கையைத் தூக்கச் சொன்னேன். தூக்கினீர்களா இல்லையா? இந்த மண்டபமே தூக்கியது! இரண்டு ஆண்டு வழக்காடி, தீர்ப்பு வாங்கி, அந்தத் தீர்ப்பைப் பாராட்டக் கூடிய கூட்டத்தில், எதற்கென்று கேட்காமல் தூக்கினீர்கள்! தலைவர் தூக்கினார். நிருபர் தம்பி பேனாவைக் காதில் செருகிவிட்டுத் தூக்கினார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்த மேடையை விட்டு இறங்கிக் காரில் ஏறிவிடலாம் என்று இருந்தது.

தலை குனிய வேண்டாம். ஒருவர் தூக்கவில்லை. மூன்றாம் வரிசையில் அந்த அம்மா, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை வலி என்று சொன்னேன், தெரிந்தேதான் சொன்னேன். எழுந்திருங்கள் அம்மா. எல்லோரும் பார்க்கட்டும். மரியகொரெட்டி அம்மா, நான் கை தூக்கச் சொன்னபோது ஏன் தூக்கவில்லை?

சத்தமாகச் சொல்லுங்கள். இந்த ஒலிவாங்கியை அங்கே கொண்டுபோங்கள்.

கேட்டீர்களா? "எதுக்குன்னு நீங்க சொல்லலியே லாயர். கேட்டா பதில் சொல்ற ஆளாச்சே, சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்கிறார்.

பெரியோர்களே! இந்த அம்மாவுக்கு ஒரு பங்கு இல்லை. நாளைக்கு ஓட்டு இல்லை. நாளைக் கூட்டத்தில் வாசலுக்கு வெளியேதான் நிற்பார். ஓட்டு இல்லாத அந்தக் கை கற்றுக்கொண்டதை ஓட்டு இருக்கும் கைகள் எப்போது கற்றுக்கொள்ளும்? என் பெருமை எது என்று கேட்கிறீர்களா தலைவரே? லண்டன் பட்டமா? இல்லை. கோலாலம்பூர் வக்கீல்களை வென்றதா? அது கொஞ்சம் உண்டு. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் பெருமையெல்லாம் இதுதான். நான் வாதாடிய வழக்கில் சாட்சி சொல்ல வந்த ஓர் ஆயா, இன்று கை தூக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அதற்காக இன்னொரு பதினேழு ஆண்டு போண்டி லாயர் என்று கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கிறேன், திமிரோடு திரும்பிப் பார்க்கிறேன்!

இப்போது மறுபடியும் சொல்கிறேன். எல்லோரும் வலது கையைத் தூக்குங்கள்.

தூக்குங்கள்!

ஏன், யாரும் தூக்கவில்லையே? தலைவரே, நீங்களுமா? பின்னால் என்ன சத்தம்? காதில் விழவில்லை. இன்னும் ஒரு முறை. இன்னும் உரக்க!

"எதுக்கு?"

ஆ! இந்தச் சொல்லை நாளைக் காலை பத்து மணிக்கும் அதே குரலில் கேளுங்கள். பதில் தமிழில் வரும்வரை கேளுங்கள். பதில் பிடித்தால் தூக்குங்கள். பிடிக்காவிட்டால் மடியில் வையுங்கள்.

எதற்கு என்று கேட்டீர்கள். சொல்வது என் கடமை. இந்தக் கூட்டத்தைக் கூட்டிய குழுவுக்கும், பந்தலும் பாயும் தந்த இளைஞர்களுக்கும், நூற்றுப் பதினெட்டாவது பெயராக வந்து நம் நூற்று இருபது வீட்டையும் காத்த மரியகொரெட்டி அம்மாவுக்கும் நன்றி சொல்வதற்கு. இதில் சம்மதம் உள்ளவர்கள் மட்டும்.

பார்த்தேன். எண்ணிவிட்டேன். தலைவர் அவர்களே, உங்கள் கை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது; அந்த மன்னிப்பு வழக்குக்குத் தேதி குறித்துவிடலாம் போலிருக்கிறது.

இனி கையை இறக்குங்கள். இறக்கிய அந்தக் கைகளை என் கைகள் கூப்பி வணங்குகின்றன. வணக்கம்.